மிதந்து போ: நான்கு சொற்கள் பிறந்த கதை

வெளியே போகவே அஞ்சி வீட்டுக்குள் முடங்கிய ஆயிரக்கணக்கானோரை மறுபடி தெருவில் நடக்கவைத்த நான்கு சொற்களின் கதை, குட்டி போடும் அரணைகளை ஆராய்ந்த ஒரு பெண்ணிடம் தொடங்குகிறது. அவர் பெயர் கிளேர் வீக்ஸ். 1903இல் சிட்னியில் பிறந்தவர். ஊர்வனவற்றில் பெரும்பாலானவை முட்டையிடும். ஆஸ்திரேலியாவின் சில அரணை இனங்களோ கருவை வயிற்றிலேயே வளர்த்துக் குட்டியாக ஈனும். அந்தக் கருவுக்கும் தாய்க்கும் நடுவே நஞ்சுக்கொடி எப்படி அமைகிறது என்பதை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து எழுதினார். 1930இல் சிட்னி பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்சி. பட்டம் தந்தது. அங்கே அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவர்.

பட்டம் வருவதற்கு முன்பே ஒரு பெரும் சோதனை வந்துபோயிருந்தது. உடம்பு இளைத்தது, காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. இருபதுகளில் இருந்த பெண்ணைக் காசநோய் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மாதக்கணக்கில் சாவை நினைத்துக்கொண்டு படுத்திருந்த பிறகு, வந்தது காசநோயே இல்லை என்று தெரிந்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் போனபோது இல்லாத ஒன்று திரும்பியபோது கூடவே வந்தது: நெஞ்சு படபடப்பு. காரணமே இல்லாமல் இதயம் தாறுமாறாக அடித்துக்கொள்ளும். எப்போது வரும், எங்கே வரும் என்று தெரியாது. வந்தால் நிற்காதோ என்ற திகில்.

இதற்கு விடை சொன்னவர் மருத்துவர் இல்லை. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்து திரும்பிய நண்பர் மார்செல் ஒருசோ. கிளேர் தன் படபடப்பைச் சொன்னதும் அவர் பதறவில்லை. நாங்கள் எல்லோரும் அங்கே இப்படித்தான் இருந்தோம், இது பயத்தின் வேலை என்று சாதாரணமாகச் சொன்னார். பயந்தால் இதயம் வேகமாக அடிக்கும். வேகமாக அடிக்கிறதே என்று நீ பயப்படுகிறாய். அந்தப் பயம் அதை இன்னும் விரட்டுகிறது. அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். கிளேருக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. படபடப்பு உடனே ஓடிப்போய்விடவில்லை. ஆனால் அதைக் கண்டு நடுங்குவதை நிறுத்திய பிறகு அது மெல்ல மெல்ல அடங்கியது.

ஒரு போர்வீரன் தோழியிடம் சொன்ன அந்தச் சில வார்த்தைகள் மருத்துவத்துக்குள் வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் நாம் அறுபது ஆண்டுகள் பின்னால் போய் பெர்லினைப் பார்த்துவிட்டு வரலாம். வெளியே போக அஞ்சும் நோய்க்குப் பெயர் வைத்த இடம் அது.

1871. பெர்லின் ஜெர்மன் பேரரசின் தலைநகராகிய ஆண்டு. ஷாரிட்டே மருத்துவமனையின் மனநல மருத்துவர் கார்ல் வெஸ்ட்ஃபால் அந்த ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். மூன்று நோயாளிகள், மூவரும் ஆண்கள்: ஊர் ஊராகப் போய் வியாபாரம் பிடிக்கிறவர் ஒருவர், வணிகர் ஒருவர், பொறியாளர் ஒருவர். புத்தி தெளிவாக இருக்கிறது, பேச்சில் குழப்பம் இல்லை. ஆனால் நகரத்தின் அகன்ற திடல்களைத் தாண்டிப் போக அவர்களால் முடியவில்லை. டோன்ஹாஃப் திடல் என்று ஒன்று. மற்றவர்கள் பேசிக்கொண்டே கடந்துபோகிற அந்த இடத்தின் விளிம்பில் வந்து நின்றதும் இவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், உடம்பு நடுங்கும். எதைக் கண்டு பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பயப்பட ஒன்றுமில்லை என்பதும் அவர்களுக்கே தெரியும். கடையெல்லாம் அடைத்துக் கிடக்கிற வெறிச்சோடிய தெருவிலும் இதே கதைதான்.

கிரேக்க நகரங்களில் சந்தை கூடும் திடலுக்கு அகோரா என்று பெயர். அதோடு அச்சத்தைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து ‘அகோராஃபோபியா’ என்றார் வெஸ்ட்ஃபால். முந்திய ஆண்டில்தான் வியன்னாவின் மோரிட்ஸ் பெனடிக்ட் இதே தொல்லையைத் ‘திடல் தலைசுற்றல்’ என்ற பொருளில் அழைத்திருந்தார். வெஸ்ட்ஃபால் ஒத்துக்கொள்ளவில்லை. இவர்களுக்குத் தலை சுற்றவில்லை, இது பயம் என்று அடித்துச் சொன்னார். உடம்பில் தெரிகிற தொல்லையைப் பயம் என்று இனம்கண்டது அவருடைய பெரிய உதவி.

அந்தக் கட்டுரையில் என் மனத்தைப் பிடித்துக்கொண்டது வேறொரு விஷயம். இந்த மனிதர்கள் சும்மா இருக்கவில்லை. தங்களுக்குத் தாங்களே வழி தேடியிருக்கிறார்கள். கையில் ஒரு தடியோ குடையோ இருந்தால் கொஞ்சம் தைரியம் வருகிறது. துணைக்கு ஒருவர் இருந்தால் திடலைத் தாண்டிவிடலாம். யாருமில்லையா, முன்னால் போகிற வண்டியை ஒட்டிக்கொண்டு போகலாம். தடி விழாமல் தாங்கும் என்பதற்காக அவர்கள் அதை வைத்துக்கொள்ளவில்லை, கால் நன்றாகத்தான் இருந்தது. பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது.

இன்றும் அப்படித்தான். தடிக்குப் பதில் தண்ணீர் பாட்டில், கைப்பையில் ஒரு மாத்திரை, விரல் நுனியில் செல்போன், கூட வர ஒரு தங்கை. இவை இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் முடியாது. துணை ஒருநாள் ஊருக்குப் போய்விட்டால் வாசல்படி தாண்ட முடியாது. தடி கடக்கவும் உதவுகிறது, தடியில்லாமல் கடக்க முடியாது என்ற எண்ணத்தையும் நாளுக்கு நாள் இறுக்குகிறது.

வெஸ்ட்ஃபால் வைத்த பெயரில் எனக்கு ஒரு குறை உண்டு. தமிழில் இதைத் ‘திறந்தவெளி அச்சம்’ என்று பெயர்த்துவிட்டார்கள். அதைப் படிக்கிற ஒரு பெண், எனக்கு மைதானத்தைக் கண்டு பயமில்லையே, பேருந்தில்தானே படபடப்பு வருகிறது, அப்படியானால் இது வேறு ஏதோ என்று நினைத்துக்கொள்வாள். இன்றைய மருத்துவக் கையேடுகளில் பேருந்தும் ரயிலும் உண்டு, திறந்த இடங்கள் உண்டு, கடை, திரையரங்கு போன்ற மூடிய இடங்கள் உண்டு, வரிசையில் நிற்பதும் கூட்டமும் உண்டு, வீட்டைவிட்டுத் தனியாகக் கிளம்புவதும் உண்டு. திடலுக்கும் லிஃப்டுக்கும் என்ன ஒற்றுமை? ஏதாவது ஆகிவிட்டால் உடனே வெளியேற முடியாது, உதவிக்கு ஆள் வராது என்ற நினைப்பு. பயம் இடத்தின் மேல் இல்லை. அந்த இடத்தில் தனக்கு என்ன நேர்ந்துவிடுமோ என்பதில் இருக்கிறது. ஃப்ராய்ட் இதை 1895லேயே கவனித்திருந்தார். எங்கோ ஒருமுறை வந்த பதற்றத்தின் நினைவு மனத்தில் தங்கிவிடுகிறது. தப்பிக்க முடியாத இடத்தில் அது மறுபடி வந்துவிடுமோ என்றுதான் இவர்கள் அஞ்சுகிறார்கள் என்று எழுதினார். அதே ஃப்ராய்ட் 1918இல் புடாபெஸ்ட் மாநாட்டில் இன்னொன்றும் சொன்னார்: சாய்வுகட்டிலில் படுக்கவைத்துப் பேசிக்கொண்டே காத்திருந்தால் இந்த நோய் தீராது, நோயாளியைத் தெருவில் இறங்கி அந்தப் பயத்தோடு மல்லுக்கு நிற்கச் சொல்ல வேண்டும். பேச்சே மருந்து என்று வாழ்ந்தவர் தெருவைக் கைகாட்டினார்.

நம் வீடுகளில் இதற்குப் பெயரே கிடையாது. அவளுக்குக் கூட்டம் ஆகாது என்பார்கள். பஸ் ஒத்துக்காது, வெயில் சேராது, கொஞ்சம் பயந்த சுபாவம் என்பார்கள். சில வீடுகளில் மந்திரித்துத் தாயத்துக் கட்டுவார்கள். கல்யாணத்துக்கு வரவில்லை, காதுகுத்துக்கு வரவில்லை, கடைசியில் பெற்றவளின் காரியத்துக்குக்கூட வரமுடியவில்லை என்ற நிலை வரும்போதுதான் ஊர் பேசும். இந்தத் தொல்லைக்கு ஆளாகிறவர்களில் பெண்கள் அதிகம். ஒரு ஆண் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லையென்றால் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். ஒரு பெண் பத்து வருடம் வெளியே வரவில்லையென்றால் அடக்கமான பெண், வீட்டோடு இருக்கிறவள் என்று பாராட்டுவார்கள். நோய் நல்ல பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அப்படிப் பாராட்டப்பட்ட பெண்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சிட்னிக்குத் திரும்புவோம். அரணைகளை விட்டுவிட்டு மருத்துவம் படித்த கிளேர் வீக்ஸ் 1945இல் நாற்பது வயதைத் தாண்டி மருத்துவரானார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்த நோயாளிகளிடம் அவர் தன்னையே பார்த்தார். இதயத்தில் கோளாறு இல்லை என்று மற்ற மருத்துவர்கள் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நோயாளி இன்னும் குழம்பிப்போவார்: ஒன்றுமில்லையென்றால் எனக்கு ஏன் இப்படி வருகிறது? கிளேர் அந்த ‘ஏன்’ என்பதை விளக்க நேரம் ஒதுக்கினார்.

நீண்ட நாள் கவலையோ, நோயோ, பிரசவமோ, இழப்போ நரம்புகளைக் கூசவைத்துவிடுகிறது என்றார். பல் கூச்சம் கண்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மற்றவர்களுக்குக் குளிர்ச்சியாக இருக்கிற தண்ணீர் கூசுகிற பல்லில் மின்னலாகப் பாயும். அதுபோல, மற்றவர்களுக்குச் சின்னத் திடுக்கிடலாகக் கடந்துபோகிற ஒன்று இவர்களுக்குப் பேரலையாக எழும். இது முதல் பயம். இது தானாக வருவது, நம் கையில் இல்லை. அடுத்த நொடியே ‘ஐயோ, வந்துவிட்டதே! மயங்கி விழுந்தால்? எல்லோரும் பார்த்தால்? செத்துப்போனால்?’ என்று நாம் சேர்க்கிறோமே, அது இரண்டாம் பயம். முதல் பயம் மட்டும் வந்தால் சில நிமிடங்களில் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். இரண்டாம் பயம் அட்ரினலினை மறுபடி கொட்டவைத்து அடுத்த அலையைக் கிளப்புகிறது. வீட்டுக்குள் அடைத்துவைப்பது அதுதான்.

பாதி வழியில் திரும்பி ஓடிவந்துவிட்டால் உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் கண்ணி. ஓடிவந்ததால் பிழைத்தோம் என்று உடம்பு பாடம் படித்துக்கொள்கிறது. நேற்று முக்குக்கடை வரை போனவர் இன்று பக்கத்து வீடு வரை, நாளை கேட் வரை, அடுத்த மாதம் கட்டில் வரை என்று உலகம் சுருங்குகிறது.

1962இல் வெளிவந்த தன் நூலில் இதற்கான வழியை நான்கு சொற்களில் வைத்தார் கிளேர். எதிர்கொள். ஏற்றுக்கொள். மிதந்து போ. காலம் கடக்கட்டும்.

முதலாவதும் கடைசியும் எளிதில் புரிகின்றன. நடு இரண்டில்தான் உயிர் இருக்கிறது. ஏற்றுக்கொள்வதைப் பொறுத்துக்கொள்வது என்று எடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம். பல்லைக் கடித்துக்கொண்டு, முஷ்டியை இறுக்கி, எப்படியாவது இந்தத் தெருவைத் தாண்டிவிட வேண்டும் என்று போவது ஏற்பு ஆகாது, அது சண்டை. இறுகிய தசை, அடக்கிய மூச்சு, விரட்டுகிற மனம் எல்லாம் சேர்ந்து உடம்புக்கு ஆபத்து என்ற செய்தியைத்தான் அனுப்புகின்றன. ஏற்பது என்றால் படபடப்பு வருகிறதா, வரட்டும், இன்னும் வருமா, வந்து பார்க்கட்டும் என்று தோளைத் தொங்கவிடுவது. கால் களியாகக் குழைகிறதா, குழையட்டும். குழைந்த காலும் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று அவர் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

‘மிதந்து போ’ என்ற சொல்லை எப்படித் தமிழில் விளக்குவது என்று யோசித்தால் எனக்குக் கிணறுதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் நீச்சல் பழகுகிற பிள்ளைக்கு முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறக்குவார்கள். பிள்ளை கையையும் காலையும் உதறும், தண்ணீரை அடிக்கும், அடிக்க அடிக்க மூழ்கும், மூக்கில் தண்ணீர் ஏறும். படியில் உட்கார்ந்திருக்கிற மாமா, ‘அடிக்காதடா, உடம்பை விடு, தண்ணி தாங்கும்’ என்று கத்துவார். ஒருநாள் அந்தப் பிள்ளை களைத்துப்போய் உடம்பை விட்டுவிடும். அப்போது காது தண்ணீருக்குள் இருக்கும், முகம் வானத்தைப் பார்த்திருக்கும். அதன் பிறகுதான் மாமா குடுக்கையை அவிழ்ப்பார். அதுவும் ஒரேயடியாக இல்லை. முதலில் கட்டைத் தளர்த்துவார், பிறகு சின்னக் குடுக்கை, பிறகு வெறும் முதுகு.

வெஸ்ட்ஃபால் நோயாளிகளின் கைத்தடி அந்தக் குடுக்கைதான். பழகும்வரை வேண்டும், கழற்றுகிற நாளும் வேண்டும். மருத்துவம் இந்தப் படிப்படியான பழக்கத்தைப் பின்னால் முறைப்படுத்தியது. 1960களிலும் 70களிலும் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் ஐசக் மார்க்ஸ் போன்றவர்கள், அஞ்சுகிற இடத்துக்கே போய், பயம் இறங்கும்வரை அங்கே நிற்பதைச் சிகிச்சையாக வளர்த்து, அது பலிக்கிறது என்றும் காட்டினார்கள். நியூயார்க்கில் டொனால்டு க்ளைன் 1959இல் இமிப்ரமின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். குணமே இல்லை என்றார்கள் நோயாளிகள். ஆனால் பதற்றம் வந்ததும் செவிலியர் அறைக்கு ஓடிவருகிறவர்கள் ஓடிவருவதை நிறுத்திவிட்டார்கள் என்பதைச் செவிலியர்கள் கவனித்தார்கள். பதற்றம் நின்றிருந்தது, எங்கே வந்துவிடுமோ என்ற அச்சம் அப்படியே இருந்தது. மாத்திரை ஒன்றுக்கு, பழக்கம் இன்னொன்றுக்கு என்று பிரித்துப் பார்க்க அது உதவியது. மாத்திரை எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படபடப்பு உள்ளவர்கள் முதலில் இதயத்தையும் தைராய்டையும் சோதித்துவிடுவதும் நல்லது.

கிளேரை இந்தத் துறையின் பெரியவர்கள் பலர் பொருட்படுத்தவில்லை. அவர் மனநல மருத்துவராகப் பயின்றவர் இல்லை, எழுதியதும் சாதாரண மக்களுக்கு. ஆனால் இந்த நோயின் கொடுமையை அவர் சரியாகப் புரிந்துகொண்டார்: மருத்துவரிடம் போக வேண்டிய வழியையே இது அடைத்துவிடுகிறது. மருத்துவமனை தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, நோயாளியால் தெருவைக் கடக்க முடியாது. அதனால் தன் குரலை இசைத்தட்டில் பதிவு செய்து வீட்டுக்கே அனுப்பினார். நூல்கள், ஒலிப்பதிவுகள், காலாண்டுக்கு ஒருமுறை அஞ்சலில் ஒரு மடல். இப்படி வழிகாட்டப்பட்ட 528 பேரைப் பற்றி 1973இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். பெரும்பாலோர் நெடுநாள் நோயாளிகள். அவர்களில் பலர் தேறியிருந்தார்கள். இளையவர்களில் தேறியவர்கள் கூடுதல்.

ஒரு பெண் அடுப்பை அணைத்துவிட்டு, கூடத்தில் இசைத்தட்டைச் சுழலவிட்டு, அந்த நிதானமான முதிய குரலைக் கேட்டபடி செருப்பைத் தேடுவதை நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. கேட்டின் கொண்டியை எடுக்கிறாள். மூன்றாவது வீட்டைத் தாண்டும்போது வருகிறது. கழுத்தில் சூடு, உள்ளங்கையில் ஈரம், தெருவே தூரமாகப் போய்விட்டதுபோல் ஒரு தோற்றம். திரும்பி ஓடக் கால் துடிக்கிறது. அவள் சுவரில் சாயாமல் நிற்கிறாள். தோளை விடுகிறாள். மூச்சு வெளியே போகிறது. அலை ஏறுகிறது, ஏறுகிறது, பிறகு யாரும் தள்ளாமலே சரிகிறது. நான்காவது வீட்டு நாய் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவள் ஐந்தாவது வீட்டை நோக்கி நடக்கிறாள். நாளைக்கு இதே இடத்தில் மறுபடி வரலாம். தேறிவிட்டோம் என்று நினைத்த பிறகு, மாதங்கள் கழித்து, ஒரு கடையின் பில் போடும் வரிசையில் திடீரென்றும் வரலாம். பின்னடைவை கிளேர் தோல்வியாகவே எண்ணவில்லை. பழகிப் பார்க்கக் கிடைத்த இன்னொரு வாய்ப்பு என்றுதான் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அவர் 1990இல் மறைந்தார். முதுமையில் ஓர் அமெரிக்க மனநல மருத்துவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, உங்களுக்கே இந்தப் பதற்றம் வந்ததுண்டா என்ற பேச்சு எழுந்தது. வந்ததுண்டு, இன்றும் சில இரவுகளில் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது என்றார் கிளேர். கேட்டவர் மனம் இளகி, அடடா என்று வருந்தினார். அந்த அனுதாபத்தை வேறு யாருக்காவது வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அது வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். மூளையில் சில வேதிப்பொருட்கள் கொஞ்ச நேரம் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்றார்.